மூச்சு வாங்காத தம்பி

— டேய், நில்லுடா. கொஞ்சம் நில்லு. எனக்கு நாக்கு வெளிய தள்ளுது.

— இன்னும் ரெண்டு வளைவுதான்க்கா. அங்கேருந்து பாத்தா மொத்தக் காடும் தெரியும். இலையெல்லாம் இப்பதான் பழுக்க ஆரம்பிச்சிருக்கு, பச்சையும் மஞ்சளுமா கலந்து கிடக்கும். வா, உன் பையைக் குடு, நான் தூக்கிக்கறேன்.

— உன் பை முதுகுல. பிள்ளைங்க பை தோள்ல. இப்ப என் பையும் வேணுமா?

— இதெல்லாம் ஒரு சுமையாக்கா? தினம் ஏசி பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறுறவன் நான்.

— இன்னும் தூக்குறியா?

— என்னது?

— ஏசி பெட்டி. நெஞ்சுல கோளாறுன்னு ஆனதுலேருந்து கனமானதைத் தொடுறதே இல்ல, கூட வர்றவங்கதான் தூக்குறாங்கன்னு சொன்னியே.

— அது... அதாவதுக்கா, சின்னப் பெட்டி. எப்பவாச்சும். அப்பப்பா, என்னா ஏத்தம்! இந்தக் கல்லுல கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— இப்ப எதுக்குடா உனக்கு மூச்சு வாங்குது?

— மலை ஏறுறோம்ல.

— ஏறும்போது பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஏறின. நின்னு பேசும்போது மூச்சு வாங்குதா?

— அதாவது... நீ ஒரு ஆளுக்கா! கிளாஸ்ல பசங்களை நிக்க வெச்சுக் கேக்குற மாதிரியே கேக்குற.

— கணக்கு டீச்சர்டா நான். எவன் பாத்து எழுதினான்னு பேப்பரைத் திருத்தாமலே முகத்தைப் பாத்துச் சொல்லிருவேன். கையைக் குடு.

— எதுக்கு?

— குடுன்னா குடு.

— விடுக்கா. மாமாவும் பிள்ளைங்களும் எவ்வளவு தூரம் போயிட்டாங்க பாரு. நாமளும் மேல போயி...

— அவங்க போகட்டும். என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே காதுல கேக்குது. உன் நாடி தூங்குறவன் நாடி மாதிரி இருக்கு. இந்த நெஞ்சுலயா ஓட்டை?

— ஓட்டைன்னு யாருக்கா சொன்னா? ஏதோ வால்வு சரியா மூடலைன்னு...

— போன மாசம் ஓட்டைன்ன.

— மேல போயிப் பேசிக்கலாம்க்கா, எந்திரி.

— கீழ காருக்குள்ள உக்காந்திருக்காரே நம்ம அண்ணன், கிளம்பும்போது என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? "தம்பியை மெதுவாக் கூட்டிட்டுப் போ. வீம்புக்கு வேகமா ஏறுவான், விடாதே"ன்னார். கையெல்லாம் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போயிருக்கு. ரெண்டு கிட்னியும் போச்சு. அந்த மனுஷன் உன் நெஞ்சுக்காகக் கவலைப்படுறார்டா! வருஷா வருஷம் நம்மளை இங்க இழுத்துட்டு வந்து, எல்லாருக்கும் முன்னாடி உச்சியில போய் நிக்கிறவரு. இன்னிக்குக் கார் கண்ணாடியை இறக்கிக் கை காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.

— போதும்க்கா.

— என்ன போதும்? ஷட்டில் விளையாடுறதையும் விட்டுட்டேன்னியே, அதுவும் பொய்தானா?

— விளையாடுறேன். வேற கோர்ட்ல.

— அடப்பாவி.

— நான் எங்கயும் ஓடி ஒளியலக்கா. கூப்பிட்ட டெஸ்டுக்கெல்லாம் போனேன். ரத்தம் பொருந்துச்சு. மத்ததும் பொருந்துச்சு.

— பொருந்துச்சா? உன் கிட்னி அண்ணனுக்குப் பொருந்துச்சா?

— ம்.

— வாயைத் திறந்து சொல்லு.

— பொருந்துச்சுக்கா! அதாவது, கடைசியில ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாங்க. "மனசாரக் குடுக்கறீங்களா, இல்ல வீட்டுல கட்டாயமா"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் என்னை யாருமே கேக்கல தெரியுமா? டெஸ்ட் முடியறதுக்குள்ள அண்ணி ஊரெல்லாம் போன் போட்டு, "தம்பி இருக்கான், இனிமே கவலையில்ல"ன்னு சொல்லியாச்சு. நீ முதல்லயே சர்க்கரைன்னு கழண்டுக்கிட்ட...

— என் பேச்சை விடு. உன் கதையைச் சொல்லு.

— கதையென்ன கதை. எல்லார் கண்ணும் என் மேலதான். முதல் முதலா ஒரு ஆள் என் மனசுல என்ன இருக்குன்னு கேட்டதும், வாயிலேருந்து தானா வந்துருச்சு. மாட்டேன்னு.

— தானா வந்துருச்சா?

— பயம்க்கா. ஊசின்னாலே எனக்குக் கை கால் உதறும், உனக்குத் தெரியாதா? மயக்கம் குடுத்து, அப்படியே எந்திரிக்கலைன்னா? என் பிள்ளை இப்பதான் நடக்கவே பழகுது.

— அண்ணனுக்கு மட்டும் பிள்ளைங்க வானத்துலேருந்தா குதிச்சுச்சு?

— அதைச் சொல்லாதக்கா. அதை நினைச்சுத்தான் தூக்கமே வர்றதில்ல.

— நீ நல்லாத் தூங்குறேடா. தூங்காதவ நான். "தம்பிக்கும் முடியாமப் போச்சே, இனி அண்ணனுக்கு யாரு இருக்கா"ன்னு குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், பிள்ளைங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு. நீ வேற கோர்ட்ல ஷட்டில் ஆடிக்கிட்டிருந்திருக்க. உன்னைத் தோள்ல தூக்கி வளத்தவரை முதுகுல குத்திட்டியேடா. என்னையும் சேத்துக் குத்திட்ட.

— என்ன வேணா சொல்லு. கேட்டுக்கறேன்.

— எனக்கு உச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்பவே கீழ இறங்குறோம். அண்ணன் முன்னாடி போய் நில்லு. நீயே சொல்லு, இல்லேன்னா நான் சொல்லிருவேன்.

— அக்கா, கெஞ்சிக் கேக்கறேன், வேணாம். அவர் தாங்க மாட்டாரு. அதுவும் இல்லாம, நெஞ்சுன்னு சொன்னது நான் இல்ல. ஆஸ்பத்திரியில அவங்களேதான் அப்படிச் சொல்லி...

— மறுபடியும் பொய். அவங்க நெஞ்சுன்னெல்லாம் சொல்ல மாட்டாங்க. "இவர் குடுக்க முடியாது"ன்னு மட்டும்தான் வீட்டுக்குச் சொல்லுவாங்க. ஏன்னு யார் போய்க் கேட்டாலும் மூச்சு விட மாட்டாங்க. அந்த அம்மா மேசையைச் சுத்தி வந்து பக்கத்துல உக்காந்து, குடிக்கத் தண்ணி குடுத்து, "வெளிய ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, பயப்படாதீங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. வியாதிக்குப் பேர் வெச்சது நீ.

— அக்கா.

— என்ன நொக்கா?

— தண்ணி குடுத்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— வா, இறங்கு.

— அந்த ரூமுக்குள்ள நானும் அந்த அம்மாவும் மட்டும்தான்க்கா இருந்தோம். இதை நான் என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. என்னைப் பாத்துச் சொல்லு.

— எனக்குச் சர்க்கரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உனக்கு முன்னாடி அந்த நாற்காலியில உக்காந்தவ நான். எப்படியும் நீ குடுத்துருவேங்கிற நம்பிக்கையிலதான்டா மாட்டேன்னேன்.