மயக்க டாக்டரிடம் சொல்ல வேண்டியது

புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க டாக்டரைப் பார்க்க வரிசை. குடலிறக்க ஆபரேஷனுக்கே குலைநடுங்கிப்போய், ஏறிய ரத்த அழுத்தத்துக்குக் கேன்டீன் காபிமேல் பழிபோட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் குருசுக்குப்பத்து மீனவரும் மனைவியும்.

"போன ஆபரேசன்ல முழிக்கும்போது நர்சம்மா கையை முறுக்கினியே, அத டாக்டர்கிட்ட சொல்லிடு," என்றார் மனைவி.

"முறுக்கல. தம்பின்னு நெனச்சி போட்டுல ஏத்த இழுத்தேன்."

"அவன் கடலோட போயி ஆறு வருசமாச்சிய்யா."

"தெரியும். மூஞ்சில மயக்க மருந்து மூடிய வச்சாலே மூக்குல கடல் தண்ணி ஏறுற மாதிரி இருக்குது. சொன்னா பைத்தியம்னு எழுதிடுவாங்க."

"சொல்லலன்னா மறுபடியும் நாலு பேரு அமுக்கிப் புடிப்பாங்க."

"முழிக்கும்போது நீ பக்கத்துல இருப்பியா?"

"உள்ள வுட மாட்டாங்க. அதான் சொல்லுன்றேன்."

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"டாக்டர், நான் முழிக்கும்போது யாராவது எங்கிட்ட, நீ கரைக்கு வந்துட்டன்னு சொல்லணும்."