ஒரு பக்கம் கீதா, மறுபக்கம் சிவகுமார்

பிரிண்டர் மிஷின் மேல பழி போடாத சுகன்யா! மிஷினுக்கு இன்னா தெரியும்? நீ இன்னா குடுக்கறியோ அதத்தான் அது அடிக்கும். உன் கடைய நம்பித்தான் நான் கல்யாணத் தரகே பண்ணிகினு இருக்கேன். ஒரு பக்கம் பயோடேட்டா, திருப்பினா ஜாதகம். தனித்தனித் தாளா குடுத்தா ஒண்ண தொலச்சிடறாங்கன்னுதானே ரெண்டு பக்கமும் அடின்னேன்? இத பாரு. கண்ணத் தொறந்து பாரு. இந்தப் பக்கம் கீதா. திருப்பினா சிவகுமார் ஜாதகம்!

சிரி, நல்லா சிரி. காலையில அந்தச் சிவகுமார் அம்மா போட்ட கூச்சல நீ கேட்டிருக்கணும். சேவூருல எட்டு பவர்லூம் போட்டுகினு இருக்கற குடும்பம்மா அது. பையன் கீதா போட்டோவப் பார்த்துட்டு, கட்டினா இவளத்தான்னு ஒத்தக் கால்ல நிக்கறான். இவங்களும் ஆசையா ஜோசியர்கிட்ட போயி, பொண்ணு தாள ஒரு பக்கம், பையன் ஜாதக நோட்ட ஒரு பக்கம் விரிச்சு வெச்சிருக்காங்க. ஜாதகப் பக்கத்துல நாமதான் பேரே போடறதில்லியே! அந்த மனுஷன் கண்ணாடிய மூணு தடவ தொடச்சாராம். "ரெண்டும் ஒரே நாளு, ஒரே நிமிஷம், ஒரே லக்னம். ஏம்மா, உங்களுக்கு ரெட்டப் புள்ளையா?"ன்னாராம்!

அவ்ளோதான். அந்தம்மா புருஷன திரும்பி ஒரு பார்வ பார்த்துதாம். அவரு பாவம், "அன்னிக்குப் பூரா உன் பக்கத்துலதாண்டி இருந்தேன்"னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணிகினு... ஐயோ, நானும் சிரிச்சிட்டேன் பாரு! சிரிக்கற நேரமா இது? சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெம்பாக்கத்துல வேற பொண்ணு பாக்கக் கெளம்பறாங்க. அதுக்குள்ள கீதாவோட சரியான ஜாதகம் வரணும், இல்லன்னா வேணாம்னுட்டாங்க. ஜல்தி பண்ணு!

அதுகூடப் போவட்டும். இந்தத் தாளயே இன்னும் ரெண்டு வீட்டுக்குக் குடுத்திருக்கேன். ரெண்டு பேருமே ஜாதகம் சேரலன்னு சொல்லிட்டாங்க. நேத்து பஸ் ஸ்டாண்டுல கீதா என் கையப் புடிச்சிகினு, "அக்கா, அப்பிடி இன்னாக்கா தப்பு என் ஜாதகத்துல?"ன்னு கேக்குது. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு அதுக்கு. ராத்திரி எனக்குச் சோறே எறங்கல. எல்லாம் உன்னாலதான்!

இன்னா? பேப்பர மாத்தி வெச்சிட்டியா? இல்லியா? அப்ப எல்லாரையும் வரிசையா போட்டு வெச்சிருக்கற அந்த பைல கம்ப்யூட்டர்ல மொதல் பக்கத்துலேர்ந்து காட்டு. ஆங், வேணுகோபால், ரைஸ் மில்லு பையன். அடுத்த பக்கம் அவன் ஜாதகம்தானே வரணும்? எங்க அது? இது இன்னா, ஒரே ஒரு வரி? "எதிர்பார்ப்பு: குடும்பப் பாங்கான பெண்." அவ்ளோதான், மிச்சமெல்லாம் வெள்ளை... ஓஹோ! இந்த ஒரு வரி வழிஞ்சு பின்பக்கத்துல வந்து குந்திகிச்சு. அதனால அவன் ஜாதகம் அடுத்த தாளுக்குப் போயிடுச்சு. அது முதுகுல சிவகுமார். சிவகுமார் ஜாதகத்து முதுகுல கீதா. அடிப்பாவி, ஒத்த வரி மூணு குடும்பத்த மாத்திட்டுதே!

இரு இரு. அந்த வரி ஏன் வழிஞ்சுது? முன்னெல்லாம் ஒரே பக்கத்துல அடங்குமே... மேல இன்னாமோ எடத்த அடைச்சிகினு இருக்குது பாரு. பெருசா, கட்டம் கட்டி, ரோஜாப்பூ வேற. தள்ளு, கண்ணாடி போட்டுக்கறேன். "நூறு கல்யாணம் முடித்த கைராசிக்காரர், திருமதி ராஜம்மாள்..."

யாரு இத சேக்கச் சொன்னது?

...நானா?

போன்லயா? "இன்னும் பெருசா போடு"ன்னு வேற சொன்னேனா? போம்மா, நான் அப்பிடிச் சொல்ற ஆளா... இன்னாது, வாட்ஸப்புல என் கொரலே இருக்குதா? வேணாம் வேணாம், போட்டுக் காட்டாத. ஆளுங்க நிக்கறாங்க.

எடுத்துடு அத. பூவையும்தான், எடு. ஆங்... வந்துடுச்சு பாரு, அவங்கவங்க ஜாதகம் அவங்கவங்க முதுகுக்கு! நல்லா இரு தாயி. கீதா தாள ஒண்ணு அடி, ஆட்டோ புடிச்சு நானே சேவூருக்குக் கொண்டுபோறேன். பிரிண்டர் பேஜார் பண்ணிடுச்சுன்னு சொல்லிக்கலாம்...

இன்னா அப்பிடிப் பாக்கற?

சரி சரி. எல்லார்கிட்டயும் உண்மையே சொல்றேன், போதுமா? மொதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும். உன் போனக் குடு, என்துல சார்ஜ் இல்ல. ...அலோ, கீதாவா? ராஜம்மாக்கா பேசறேன். அழாத கண்ணு, ஒரு நிமிஷம் கேளு. உன் கட்டத்துல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் கட்டத்தால வந்த வெனை.