கூடவே போன ஸ்கிரிப்ட்

– மொத்த ஃபோல்டரையுமா உள்ள போட்டே?

– ஆமாக்கா. ஒவ்வொண்ணா பொறுக்கிப் போட்டா ஏதாவது விட்டுப் போகும். போன தடவை பில் அனுப்பற குட்டி புரோகிராம், அந்த ஸ்கிரிப்ட் விட்டுப் போய், நம்ம ஆப் வாங்கின அச்சகத்துக்காரங்க எல்லாரும் நம்மளைக் கிழிச்சு எடுத்தாங்களே. அதான் இந்தத் தடவை எல்லாத்தையும் அள்ளி ஆப்புக்குள்ளயே வெச்சுக் கட்டிட்டேன்.

– என் கம்ப்யூட்டர்ல இருந்த ஃபோல்டரையா?

– உன்னுதுலதானே எல்லாம் ஒழுங்கா ஓடுது. ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?

– எங்கெங்கடா போயிருக்கு?

– காலைலயே எல்லா அச்சகத்துக்கும் போயிடுச்சு. மொதல்ல அப்பா கடைக்குத்தான். புதுசா எது வந்தாலும் அங்கதானே போட்டுப் பாப்போம்.

– போச்சு.

– என்ன போச்சு? உக்காருக்கா. ஒண்ணும் ஆகாது. என்னன்னு சொல்லு.

– அதுல என் சொந்த ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்குடா. ஏத்தின உடனே ஒண்ணு, அப்புறம் வாரா வாரம் ஒண்ணுன்னு தானா மெசேஜ் அனுப்பும்.

– யாருக்கு?

– அப்பாவுக்கு.

– இதுக்கா இவ்வளவு பதட்டம்? பொண்ணு அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பறதுல என்ன குத்தம்?

– நான் அனுப்பற மாதிரி இல்ல. அண்ணன் அனுப்பற மாதிரி.

– என்னக்கா சொல்றே?

– அவன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சேன். அப்பாகூட சண்டை போட்டுட்டுப் போனவன் ஒரு வார்த்தை எழுதல. அப்பா பாட்டுக்கு போனை எடுக்கறதும் பாக்கறதும் வைக்கறதுமா இருந்தார். எனக்குத் தாங்கல.

– அப்போ, "பெரியவன் எழுதியிருக்கான்டா"ன்னு அவர் எங்கிட்ட காட்டினதெல்லாம்?

– நான்தான்.

– "நல்லா இருக்கேன். கோவமெல்லாம் இல்ல. சாப்பிட்டாச்சா?" ஒவ்வொரு தடவையும் இதே வரிதானே இருந்துச்சு. நானும் நம்பித் தொலைச்சேனே.

– அவன் அதுக்கு மேல என்னிக்குப் பேசியிருக்கான்? கடைசில ரெண்டு பேரும் 'நீ'யும் சொல்லாம 'நீங்க'வும் சொல்லாமதானே பேசிக்கிட்டாங்க. கெளம்பியாச்சா, சாவி எடுத்தாச்சா, அப்படியே. அதான் நானும் சாப்பிட்டாச்சான்னு போட்டேன்.

– சரி, அது அப்பா கடை கம்ப்யூட்டர்ல ஓடினா என்ன ஆகும்?

– அங்க கடை அக்கவுண்ட்ல இருந்து போகும். அப்பா அனுப்பின மாதிரி.

– அப்பா அனுப்பி அப்பாவுக்கே வருமா?

– ஸ்கிரிப்ட்ல நம்பர் இல்லடா, பேர்தான் இருக்கு. எந்த மெஷின்ல ஓடுதோ அந்த மெஷின்ல அந்தப் பேரைத் தேடி அனுப்பும்.

– அப்பாவை நீ என்ன பேர்ல போட்டு வெச்சிருக்கே?

– பெரிய மனுஷன்.

– பெத்த அப்பாவைப் போயி, ஏன்க்கா?

– அவர் பண்ற அலட்டலுக்கு வேற எப்படிப் போடறது? அதை விடு.

– இல்ல, இது நல்லதுதான். வேற எந்தக் கடையிலயும் அப்படி ஒரு பேர் இருக்காது. ஆள் இல்லைன்னா ஸ்கிரிப்ட் சத்தமில்லாம நின்னுடும். நான்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆகாது.

– அப்பா கடையில நிக்காதுடா.

– ஏன்?

– சண்டை அன்னிக்கு அவர் என்ன கத்தினார்? ஞாபகம் இருக்கா?

– "இவர் இப்ப பெரிய மனுஷன் ஆயிட்டார், நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா"ன்னு. ஐயோ.

– அன்னிக்கே கடை மெஷின்ல அண்ணன் பேரை அப்படி மாத்தச் சொன்னார். பக்கத்துல நின்னு நான்தான் மாத்திக் குடுத்தேன்.

– அப்போ அப்பா எழுதின மாதிரி அண்ணனுக்கே போயிருக்குமா?

– போயிருக்கும். அப்பா ஸ்கிரீன்ல 'அனுப்பியாச்சு'ன்னு அந்த வரி நிக்கும். மகன் எழுதினதா நெனச்சு வாரா வாரம் படிச்ச அதே வரி. பாத்த உடனே எல்லாம் புரிஞ்சுடும்டா.

– அவர் பாக்கறதுக்குள்ள இங்கேருந்தே அழிச்சுடறேன்.

– கடை தொறந்து எவ்வளவு நேரம் ஆச்சு. என்னைத் திட்டட்டும், பேசாமக் கூட இருக்கட்டும். மகன் எழுதவே இல்லைன்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.

– அக்கா, அப்பா கூப்பிடறார்.

– எடுக்காதே.

– எடுக்கலைன்னா நேர்லயே வந்து நிப்பார். ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்கப்பா.

– உங்க அக்கா பக்கத்துல இருக்காளா?

– இருக்கேன்பா.

– கேட்டுக்கோ. நான் எழுதாத மெசேஜ் ஒண்ணு என் பேர்ல போயிருக்கு.

– அப்பா, அது வந்து...

– நடுவுல பேசாதே. வாசிச்சுப் பாத்தேன். யார் வேலைன்னு புரிஞ்சுது. இத்தனை நாள் எனக்கு வந்ததெல்லாம் யார் வேலைன்னும் புரிஞ்சுது. அச்சு மெஷினை ஓட்டத் தோணல, சும்மா உக்காந்திருந்தேன்.

– தப்புதான்பா. தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் பண்ணேன்.

– அதை அப்புறம் பேசிக்கலாம். இப்பதான் உங்க அண்ணன் கூப்பிட்டான். அழறான். கெளம்பி வர்றானாம்.

– நிஜமாவாப்பா?

– ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கோங்க. அதை நான்தான் எழுதினேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். நீங்க மாத்திப் பேசிடாதீங்க.