பட்டியலில் இல்லாத ஊர்

என் பெயர் பத்துமலை, தந்தை பெயர் சன்னாசி. வயது ஐம்பத்தொன்பது. ஈப்போ குனோங் ராபாட்டில் வரிசை வீட்டில் குடியிருக்கிறேன். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம், இப்போது செம்பனை எண்ணெய்த் தோட்டமாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில். முன்பு லோரி ஓட்டினேன், இப்போது வேலைக்குப் போவதில்லை. எனக்கு மலாய் நன்றாகவே பேச வரும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வரும் என்பதால் நான் தமிழில் சொல்லச் சொல்ல போலீஸ் சார்ஜன் ஜெயபாலன் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தார்கள், எனக்குத்தான் இறங்கவில்லை.

சம்பவத்தின்போது வண்டியில் என்னோடு இருந்த சிட்டாள் என்பவர் எனக்கு என்ன உறவு என்று சார்ஜன் கேட்டார். உறவு எதுவும் இல்லை என்று சொன்னேன்.

என் மகள் சாந்தினியும் மேற்படி சிட்டாளின் மகன் விக்னேஸ்வரனும் ஒரே பேங்கில் வேலை செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். அவர்கள் பினாங்கில் தொழில் செய்யும் செட்டியார் குடும்பம். நாங்கள் ரப்பர்ப் பால் வெட்டின குடும்பம். இன்று காலை பெண் பேசுவதற்காக அவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். பேச்சு சரியாக வந்தால் சாயந்திரமே நல்ல நேரத்தில் தட்டு மாற்றிவிடலாம் என்று ஏற்பாடு. பையனின் அப்பா சொக்கநாதன் நல்ல மனிதர், ஆனால் எதைக் கேட்டாலும் "ஆச்சி சொல்லட்டும்" என்றார். அவர்கள் வழக்கத்தில் வீட்டு அம்மாவை ஆச்சி என்றுதான் சொல்ல வேண்டுமாம். என்னைவிட வயதில் சின்னவரை ஆச்சி என்று கூப்பிட எனக்கு நாக்கு கூசியது, இருந்தாலும் கூப்பிட்டேன். அந்த ஆச்சி பசியாறும்போதும் வாய் திறக்கவில்லை, வீட்டைப் பார்த்தபோதும் திறக்கவில்லை. என் மகள் விழுந்து கும்பிட்டபோது மட்டும் "பாப்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். என் மனைவி விமலா அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அதன் பிறகு விக்னேஸ்வரன், பெரியவர்கள் மனம்விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகும் என்று நினைத்து, ஈப்போ பழைய டவுனைச் சுற்றிக் காட்டும் சின்னக் கார்கள் இரண்டுக்குப் போனிலேயே சொல்லிவைத்தார். ஒன்றில் அவரும் சாந்தினியும், இன்னொன்றில் நானும் ஆச்சியும், மற்றவர்கள் வீட்டிலேயே. என் சொந்தக் காரிலேயே கூட்டிப் போகிறேன், இந்த டவுனில் காலமெல்லாம் லோரி ஓட்டினவன் நான் என்று சொன்னேன். அது யார் காதிலும் ஏறவில்லை.

அதன் பிறகு ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் வாடகைக் கடைக்குப் போனோம். கடையில் இருந்த கலாதேவி என்ற பெண் வண்டியைக் காட்டினார். அதைக் கார் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அது கார் இல்லை. மூன்று சக்கரம், இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மஞ்சள் சாயம். நாம்தான் ஓட்ட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று அது சொல்லும், எதிரில் வரும் இடத்தைப் பற்றிக் கதையும் சொல்லும், தமிழிலும் சொல்லும் என்றார். டவுன் எல்லையைத் தாண்டினால் இன்ஜின் தானாக நின்றுவிடும் என்றும் சொன்னார். சொல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சொன்னார். என் காதில் விழுந்தது, புத்தியில் நிற்கவில்லை.

அதன் பிறகு நான் ஸ்டார்ட் பண்ணியவுடன் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், டிவியில் செய்தி வாசிப்பதைப் போல, "வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டது.

சார்ஜனும் தமிழர்தான், அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கோர்ட்டில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல காரியமாகக் கிளம்பும் ஆளிடம் எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டும் என்றால் "தூரமா?" என்பார்கள். எங்கே என்று கேட்டுவிட்டால் இறங்கி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். ஆச்சி உடனே இறங்கிவிட்டார். கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன். திரும்ப வந்து ஸ்டார்ட் பண்ணினேன். "வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்றது. ஆச்சி மறுபடி இறங்கினார், மறுபடி தண்ணீர். அதற்குள் பிள்ளைகளின் வண்டி மூலை திரும்பிப் போய்விட்டது.

கலாதேவியிடம் அந்தக் கேள்வியை நிறுத்தச் சொன்னேன். "அது செட்டிங்லா அங்கிள், ஸ்டார்ட் பண்ணாலே கேக்கும், மாத்த முடியாது" என்றார். அதன் பிறகு நான் ஒரு வழி செய்தேன். ஆச்சியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். அது கேட்டது. நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்வதைப் போல "சும்மாத்தான்" என்றேன். "சும்மாத்தான் என்ற இடம் பட்டியலில் இல்லை" என்றது. அந்த நிமிஷமே அதன் கழுத்தைத் திருகியிருப்பேன், அதற்குக் கழுத்து இல்லை. ஏதோ ஒரு பட்டனை அமுக்கினேன், வழி சொல்ல ஆரம்பித்தது, ஆச்சி ஏறினார், கிளம்பினோம்.

டவுன் ஹால், பாடாங் திடல், மணிக்கூண்டு எல்லாம் பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிட அது சொல்லக் கேட்டோம் என்பதுதான் சரி. நான் ஆச்சியிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று வாயெடுக்கும்போதெல்லாம் அது உள்ளே புகுந்து எந்த வெள்ளைக்காரன் எந்தக் கட்டடத்தைக் கட்டினான் என்று ஆரம்பித்துவிடும். மகள் படித்ததையும் அவள் குணத்தையும் வழியில் சொல்லலாம் என்று நான் வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு சுற்றுலாக்காரர்கள் நெரியும் அந்தக் குறுகலான சந்துப் பக்கம் வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். அது, அந்தக் காலத்து ஈயச் சுரங்க முதலாளிகள் தங்கள் சின்ன வீடுகளை இங்கேதான் குடிவைத்திருந்தார்கள் என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் ஒரு குடும்பப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டதில் எனக்கு வேர்த்துவிட்டது. வண்டி நாலு அடி நகர்ந்து நின்றால் போதும், புதிதாக வந்து சேர்ந்ததாக நினைத்துக்கொண்டு சின்ன வீட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னது. சத்தத்தைக் குறைக்கும் இடம் எது என்று தேடித் தடவியதில் ஹார்ன்தான் அடித்தது. ஆச்சி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

அங்கிருந்து தப்பிப்பதற்காக அது சொன்ன பக்கம் திரும்பாமல் எனக்குத் தெரிந்த ரோட்டில் நுழைந்தேன். "நீங்கள் வழி தவறிவிட்டீர்கள்" என்றது. என் ஊரில் நான் வழி தவறிவிட்டேனாம். ஆனால் அந்த ரோட்டை எப்போதோ ஒருவழிப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். எதிரில் மோட்டார்சைக்கிள்களும் ஒரு லோரியும் வந்துவிட்டன. லோரிக்காரன் சொன்ன வார்த்தையைச் சார்ஜன் எழுத வேண்டாம். பின்னால் எடுக்கப் பார்த்ததில் இன்ஜின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். ஆச்சியின் காதுக்கு நேராகவே, எங்கே போகிறீர்கள் என்று கேட்டது.

ஆச்சி கண்ணை மூடித் திறந்தார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, எதுக்கு வந்தோமோ அது நல்லபடியா ஆகணும்னா மொதல்ல கோயிலுக்குப் போய்ட்டு வந்துருவோம்" என்றார். காலையிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். அவர் கேட்டு நான் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? குனோங் சீரோ முருகன் கோயிலை நோக்கி விட்டேன். எல்லையைத் தாண்டுகிறீர்கள், திரும்புங்கள் என்று அது வழியெல்லாம் கத்தியது. நான் திரும்பவில்லை. வண்டியைத் திருடிக்கொண்டு ஓடினேன் என்று கடைக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். மிதித்தாலும் சைக்கிளைவிட மெதுவாகப் போகும் வண்டியைத் திருடி நான் என்ன செய்வேன்?

கோயில் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஆற்றோரமாக, வண்டி நின்றுவிட்டது. விக்னேஸ்வரனுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. நல்ல வெயில். ஆச்சி, நீங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பட்டுச் சேலையோடு ரோட்டோரமாக நடந்தே கோயிலுக்குப் போனார். நான் அந்த மஞ்சள் வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பது ஒன்றுதான் என் மனதில் ஓடியது.

அதன் பிறகு ஆச்சி திரும்பி வந்து என் கையில் திருநீறு கொடுத்தார். அந்தக் குரல் வரும் பெட்டி மேலும் கொஞ்சம் பூசினார். ஏறி உட்கார்ந்து, இப்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்றார். பண்ணினேன். இன்ஜின் வரவில்லை, குரல் மட்டும் வந்தது. "வணக்கம். நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

இந்தத் தடவை ஆச்சி இறங்கவில்லை. பெட்டிப் பக்கம் குனிந்து, "சம்மந்தபுரத்துக்குப் போறோம்" என்றார்.

"சம்மந்தபுரம் என்ற இடம் பட்டியலில் இல்லை" என்று அது சொன்னது. ஆச்சி சிரித்தார்.

எனக்குச் சம்மந்தபுரம் தெரியாது. பினாங்கில் அப்படி ஓர் இடம் இல்லை, பேராக்கிலும் இல்லை. அவர்களுடைய பாட்டன் பூட்டன் ஊர் செட்டிநாட்டில் இருக்கிறது, காரைக்குடி, தேவகோட்டை என்றெல்லாம் காலையில் சொக்கநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஊராக இருக்கும், ஆக இந்தச் சம்பந்தம் வேண்டாம், நாங்கள் எங்கள் ஊரைப் பார்க்கப் போகிறோம் என்பதை என் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் மெஷினிடம் சொல்லிச் சிரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து சகுனம் சகுனம் என்று இறங்கினதெல்லாம் இதற்குத்தான் என்று நினைத்தேன். எனக்குக் கண் இருட்டிவிட்டது.

"தோட்டத்துக்காரன் வீட்டுப் பொண்ணு வேணாம்னா நேரா என்கிட்ட சொல்லுங்க. என் மகள் மெஷின்கிட்ட சொல்லி அனுப்புற அளவுக்குக் கெட்டுப் போகல" என்று சொன்னேன். அதன் பிறகு அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, வயரோடு பிய்த்து, ஆற்றில் எறிந்தேன். அது தண்ணீரில் விழும்வரை என்னவோ பேசிக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ரோந்து போலீஸ் வந்து என்னை ஏற்றிக்கொண்டார்கள். பெட்டியை உடைத்தது நான்தான். அதற்கு உண்டானதைக் கட்டிவிடுகிறேன். திருடவில்லை.

இதுவரை எழுதியபோது விக்னேஸ்வரன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதாக ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னதால், சார்ஜன் எழுதுவதை நிறுத்தி என்னை அவரோடு பேச அனுமதித்தார். நான் அவரிடம், தம்பி, உங்கள் அம்மா சம்மந்தபுரத்துக்கே திரும்பிப் போகட்டும், நான் தடுக்கவில்லை, சாந்தினிக்கு மட்டும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் முதலில் புரியாமல் விழித்தார். அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்திருக்கிறார்.

"அங்கிள், அது ஊர் இல்ல. எங்க ஆளுங்க சம்பந்தி வீட்டைத்தான் சம்மந்தபுரம்னு சொல்லுவோம். அம்மா ஒங்க வீட்டுக்குப் போறோம்னு சொல்லியிருக்காங்க."

முருகனிடம் கேட்காமல் அவர் அம்மா எந்த நல்ல காரியத்துக்கும் வாய் திறக்க மாட்டார் என்றும், அதனால்தான் காலையிலிருந்து பேசாமல் இருந்தார் என்றும் விக்னேஸ்வரன் சொன்னார். நான் பேசின பேச்சுக்கு அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். ஆச்சி ஸ்டேஷன் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாராம், வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லையாம். மகளுக்காக அவ்வளவு கோபப்படுகிற மனிதர் வந்த பிறகுதான் தட்டு மாற்றுவேன், நேரம் தாண்டினால் அடுத்த நல்ல நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம். அதன் பிறகு ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஜாமீன் எழுதும்போது, இங்கிருந்து எங்கே என்று சார்ஜன் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "தூரமாண்ணே?" என்று மாற்றிக் கேட்டார். பக்கத்தில்தான் என்று சொன்னேன்.

இந்த வாக்குமூலத்தைச் சார்ஜன் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஓர் இடம் மட்டும் தப்பு. ஆரம்பத்தில், சிட்டாள் என்பவர் எனக்கு உறவு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிட்டு, சம்பந்தி என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அடித்த இடத்திலும் இங்கேயும் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

பத்துமலை த/பெ சன்னாசி