உடைக்காத பொடி

பாசிப் பொடி கட்டி தட்டாமல் கரைய வெதுவெதுப்பான தண்ணீர்தான் சரி, சார். பலர் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கெடுத்துவிடுகிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீர்ப்பாசி வளர்த்துப் புரோட்டீன் பொடி செய்யும் கம்பெனி ஒன்றின் லேபில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். பாசியின் ஒவ்வொரு செல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர் உண்டு. அதை அமிலத்தில் வேகவைத்து, எந்தெந்தச் சர்க்கரையால் ஆனது என்று பார்ப்பது என் வேலை. குளுக்கோஸ், மன்னோஸ், காலக்டோஸ், ராம்னோஸ் எல்லாம் சங்கிலி சங்கிலியாகப் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலை அறுக்க மனிதக் குடலுக்குத் தெரியாது. அதனால் சுவரை மெஷினில் உடைத்துத்தான் விற்கிறோம். உடைக்காத பொடியிலும் சத்து முழுக்க இருக்கும். தின்றவர் உடம்பில் அவ்வளவாக ஒட்டாது.

என் தங்கை அனுசுயா குடல் ஆபரேஷன் முடிந்து திருமுல்லைவாயிலுக்கு, என் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு வேறு யாரும் இல்லை. "புரோட்டீன் நல்லா குடுங்க, ரெண்டு மாசத்துல வேலைக்குப் போயிடுவாங்க" என்றார் டாக்டர். அவள் வருவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் பால் பாக்கெட் கேட்க மட்டும்தான் நான் வாய் திறப்பேன். இப்போது சாயங்காலம் கதவைத் திறந்தால், "வந்துட்டியாண்ணா?" என்று ஒரு குரல்.

முதல் மாதம் கஞ்சியும் உடைத்த பொடியும் கொடுத்தேன். தேறினாள்.

"ஆவடில ரூம் ஒண்ணு பாத்துகீறேண்ணா. தை பொறந்ததும் போயிடுவேன். உனக்கு எத்தினி நாளு பாரமா இருக்கறது?"

பாரம் என்று நான் சொன்னதே இல்லை.

மறுநாள் லேபிலிருந்து உடைக்காத பொடியை எடுத்துவந்தேன். இரண்டும் ஒரே பச்சை. கஞ்சியை நிறுத்தினேன். இனி பொடி மட்டும் போதுமென்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன், நம்பினாள். "இன்னா சேகரண்ணா, தங்கச்சி எலும்பும் தோலுமா கீது?" என்று பக்கத்து வீட்டு தேவிப்பிரியா அவித்த முட்டை கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டு போய், சமையலறையில் நின்று நானே தின்றேன்.

ஆவடிப் பேச்சு நின்றது. பிறகு எழுந்து நடப்பதும் நின்றது.

"குடிச்சிகினேதான கீறேன், ஏண்ணா உடம்புல ஒட்டல?"

ஆபரேஷன் ஆன குடல், நாளாகும் என்றேன். தலை வாரிவிட்டேன்.

மாசியில் ஒரு காலை டம்ளரை நீட்டியபோது உதடு திறக்கவில்லை.

பொடியை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போஸ்ட்மார்ட்டத்தில் பட்டினிச் சாவு என்று போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், சார். ஒரு வேளைகூடத் தவறாமல் என் கையாலேயே ஊட்டினேன்.