கம்பி ஓரத்தில் ஒரு காலி இடம்

மேடையில் வீற்றிருக்கும் பந்தய மன்றத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, லாயத்திலிருந்து வேலை உடுப்போடு வந்திருக்கும் தோழர்களே, அவர் போட்ட நிழற்கூரையின் கீழ் அமர்ந்து அவருக்காகவே அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, கண்ணீரோடு என் வணக்கம். கம்பி ஓரமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் எங்கள் பழைய ஜாக்கி தம்பி, உனக்கும் வணக்கம். உன்னிடம் கடைசியில் பேசுகிறேன்.

நான் பேச்சாளன் அல்ல. குதிரைப் பயிற்சியாளன். கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவன். ஆனால் இந்த மைதானத்தில் நான் அதிகம் சண்டை போட்டது யாரோடு? வருகையாளர் வசதிப் பிரிவின் தலைவி, நாம் எல்லோரும் 'நிழலக்கா' என்று கூப்பிட்ட இந்த அம்மையாரோடுதான்! வயதில் எனக்குத் தங்கை. என்னை அண்ணே என்பார். நானோ ஊரோடு சேர்ந்து அவரை அக்கா என்பேன். சண்டையில் அவர் கைதான் எப்போதும் ஓங்கியிருந்தது!

மைதானத்தைப் புதுப்பித்தபோது எனக்குக் கவலையெல்லாம் ஓடுபாதையும் புல்லும். அவருக்கோ மனிதர்கள்! வெயிலில் நிற்பவர் எங்கே ஒதுங்குவார்? கைக்குழந்தைக்காரி எங்கே பால் கொடுப்பாள்? மூட்டுவலிக்காரர் மேல்தட்டுக்கு எப்படி ஏறுவார்? திறப்பு விழாவன்று கழிப்பறையில் அவர் மாட்டிய கை உலர்த்தும் இயந்திரம் 'ஹோ'வென்று அலறியது. பக்கத்தில் அணிவகுப்பில் நின்ற என் குதிரை மிரண்டு வரவேற்புப் பந்தலுக்குள் புகுந்துவிட்டது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். "கத்தாதீங்கண்ணே, இப்பதான் அது அடங்குச்சு, உங்களப் பார்த்து மறுபடியும் மிரளுது" என்றார். மறுநாளே இயந்திரங்கள் போய்க் கைதுடைக்கும் துண்டுகள் வந்தன.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. வெற்றிக் கம்பத்துக்கு நேர் எதிரே, பார்வையாளர் பக்கத்துக் கம்பியில் ஒரு பகுதியைத் தாழ்த்தச் சொன்னார். ஏதோ தவறு என்று நினைத்த ஒப்பந்தக்காரர் பழையபடி உயர்த்திவிட்டார். மறுபடி வெட்ட வைத்தார். சும்மா இருப்பேனா நான்?

"ஒரே சீரா இருந்த கம்பிய எதுக்கு வெட்டுறீங்க?" என்று போய் நின்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே. இப்பச் சொல்லுங்க, கம்பம் தெரியுதா?"

பக்கத்திலிருந்த உயர்ந்த கம்பியின் முன்னால்தான் அந்த நாற்காலியைப் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் மட்டும். எழுந்து வந்துவிட்டேன்.

யாருக்காக இவ்வளவும்? வருகிற எல்லோருக்காகவும்தான். மனதுக்குள் தன் கணவருக்காகவும்தான், அதோ இருக்கும் இந்தத் தம்பிக்காக. இந்தத் தம்பி குதிரையிலிருந்து விழுந்து கால்களை இழந்தபின் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. "ஜெயிச்ச எடத்துல உக்காந்து வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களா?" என்று என்னிடமே கேட்டவன். அக்கா அவனை வற்புறுத்தவில்லை. நாலைந்து சக்கர நாற்காலிகள் நிற்கும் அந்தத் தாழ்ந்த கம்பிப் பக்கம் ஓரமாக ஓர் இடத்தை மட்டும் எந்தப் பந்தயத்துக்கும் யாருக்கும் தரமாட்டார். கூட்டம் பிதுங்கிய நாளில் செயலாளரே வந்து கேட்டார். "ஆள் வர்றாங்க சார்" என்றார் அக்கா. கடைசிப் பந்தயமும் முடிந்தது. ஆள் வரவில்லை. அடுத்த முறையும் அதே பதில்தான்.

"வரமாட்டான்னு தெரிஞ்சும் எதுக்குக்கா?" என்றேன்.

"ஒரு நாள் வந்து, எடமில்லன்னு திரும்பிடக் கூடாதுல்லண்ணே."

போன வாரம் அந்த நெஞ்சு நின்றுவிட்டது. ஐயோ, அது என்ன அவசரமோ! இன்று இந்தக் கூட்டத்துக்காக, அவர் போட்ட சரிவுப் பாதையில், யாரையும் தள்ளவிடாமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு தம்பி வந்தான். நேராக அந்தக் காலி இடத்துக்குப் போனான். அக்கா, ஆள் வந்தாச்சு! நீங்கள் சொன்ன ஆள் வந்தாச்சு! பார்க்க நீங்கள் எங்கே?

தலைவர் அவர்களே, தோழர்களே, அந்தக் கம்பியை இனி ஒருவரும் உயர்த்தக் கூடாது. அவர் தந்த நிழலும் தண்ணீரும் குறையக் கூடாது. அவர் வேலையை நாம் பங்குபோட்டுக்கொள்வோம் என்று இங்கேயே உறுதி சொல்வோம்.

தம்பி, உனக்கும் ஒரு பங்கு உண்டு. வரும் பந்தயத்திலிருந்து உன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். உன்னைப் போலவே வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காக. எவ்வளவு கூட்டம் வந்தாலும் கொடுத்துவிடாதே. கேட்டால், "ஆள் வர்றாங்க" என்று நீ சொல்.