படத்துக்குக் கீழே என் பெயர்

வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும்போது என் இனிஷியலை விட்டுவிடாதீர்கள் ஐயா. கல்யாண ஆல்பத்தில்கூடப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். பதினெட்டு வருஷம் கேமரா தூக்கித் தோள்பட்டை போனதுதான் மிச்சம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர், ஒரு இணையக் கடையின் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறவர். கூரை சரிந்து ஆறு பேர் போனார்கள். அவரும் ஒருவர். போன் வந்தபோது நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். காயப்போட எடுத்த அவருடைய ஈரச் சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெற்றியில் வைத்து வாய்விட்டு அழுதாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுந்திருந்தது. எடுத்தேன்.

மாலையே இலவசப் படங்கள் தளத்தில் ஏற்றினேன். 'யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், எடுத்தவர் பெயர் போட்டால் போதும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அவள் துக்கம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான்.

கிடங்கு முதலாளியைத் திட்டியவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் போட்டார்கள். நாலு நாள்தான். பிறகு ஜனங்கள் வேறு சண்டைக்குப் போய்விட்டார்கள். அதே வாரம் இன்னொரு இணையக் கடை, தலைவலித் தைலம் விற்க அவள் முகத்தை எடுத்துக்கொண்டது. சட்டப்படி சரிதான். மூலையில் பொடி எழுத்தில் என் பெயரும் இருந்தது.

அப்புறம் யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'தைலத்துக்கும் இதே கண்ணீர், கிடங்குக்கும் இதே கண்ணீர். கூலிக்கு அழும் நடிகை' என்று போட்டார்கள். சட்டென்று பற்றிக்கொண்டது. நிஜம் என்றும் நடிப்பு என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நாள் முழுக்க அடித்துக்கொண்டார்கள். அவள் வாசலுக்கே ஆட்கள் வந்து, "எங்க, இன்னொரு தடவ அழுது காட்டும்மா" என்று போனை நீட்டினார்கள். வேலை பார்த்த தையல் கடையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தங்கை என் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"அண்ணா, நீதானே எடுத்த? நான் நிஜமாவே அழுதேன்னு ஒரே ஒரு வரி எழுதிடேன். அவர் செத்ததையே பொய்ங்கிறாங்க."

"எழுதறேன்டி. கொஞ்சம் அடங்கட்டும்."

"நீ எழுதினாத்தான்ணா அடங்கும்."

அவள் சொன்னது சரி. எழுதியிருந்தால் அன்றே அடங்கியிருக்கும். அதுவரை ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

யாரோ ஒட்டினார்கள் என்றேன் இல்லையா? நான்தான். பொய்ப் பெயரில். என் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல படம் ஐயா, நாலே நாளில் அதை ஜனங்கள் மறந்துவிட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

நேற்றுக் காலை அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, தட்டியும் அவள் கதவைத் திறக்கவில்லை என்றார். கதவை உடைத்துத்தான் உள்ளே போனோம். கேமரா என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, பழக்க தோஷம். அதே ஜன்னலுக்குக் கீழே, அதே சட்டையைப் போர்த்திக்கொண்டு உயிரில்லாமல் கிடந்தாள்.

இந்த முறை கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இனி நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்காகத்தான் இந்தப் படத்தையும் ஏற்றினேன். அவள் கேட்ட அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டேன் ஐயா, என் பெயருக்குக் கீழே.